காற்றுக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

கனடாவில் வாழ்ந்த பதினொரு ஆண்டுகளில், கேனூ எனப்படும் நீண்ட துடுப்புப் படகில் குடும்பத்தோடு ஏரி ஏரியாகச் சென்று, கரையில் கூடாரம் அடித்துத் தங்கிவந்த அனுபவத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையிலிருந்தும், குறிப்பாகப் பிள்ளைகள் கடல் கடந்து வாழும் பெற்றோரிடமிருந்தும் வந்தவை. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கி, இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் மகன் டொராண்டோவில் இருக்கிறார். வரும் கோடையில் நாங்கள் அங்கே போகும்போது, அல்கோன்குவின் பூங்காவில் நான்கு நாள் கேனூ பயணம் போகலாம் என்கிறார். எனக்கு வயது 63, என் மனைவிக்கு 58. இருவருக்கும் நீச்சல் தெரியாது. பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்குப் பத்து வயது. நாங்கள் போகலாமா? எந்த மாதம் நல்லது?
– அண்ணா நகர் வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம், ஐயா. ஆனால் உங்கள் மகன் மனத்தில் வைத்திருக்கும் பயணம் எப்படிப்பட்டது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அல்கோன்குவின் 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மாகாணப் பூங்கா. அதன் பரப்பளவு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஏரிகளையும் ஆறுகளையும் இணைக்கும் படகுவழிகள் மட்டுமே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் இருக்கும். நாளுக்கொரு ஏரி என்று கூடாரத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டு போவதும் அங்கே நான்கு நாள் பயணம்தான். முதல் நாளே ஒரு ஏரிக்குப் போய்ச் சேர்ந்து, மூன்று இரவும் ஒரே இடத்தில் தங்கி, பகலில் சுமை இல்லாத படகில் உலாவிவிட்டுத் திரும்புவதும் நான்கு நாள் பயணம்தான். உங்கள் குடும்பத்துக்கு இரண்டாவதே பொருந்தும். முழங்கால் வலியோடு ஈரப் பாறையில் இறங்கி ஏறுவதும், தூங்கி விழும் பேத்தியை எழுப்பிப் படகில் ஏற்றுவதும் ஒரு நாளைக்கு ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும்தான் உங்களுக்கு ஏற்றவை. மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை அங்கே கறுப்பு ஈக்களின் காலம். எள்ளளவே இருக்கும் அந்த ஈ, காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரத்திலும் சத்தமில்லாமல் கடித்துவிட்டுப் போகும். ரத்தம் வழிவதைப் பார்த்த பிறகுதான் கடித்ததே தெரியும். கொசுவும் அதே பருவத்தில்தான் மிகுதி. ஆகஸ்டில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். ஏரி நீரும் அப்போதுதான் ஆண்டிலேயே வெதுவெதுப்பாக இருக்கும். ஆனாலும் இரவில் வெப்பம் 10 டிகிரி வரை இறங்கக்கூடும். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே எப்போதாவதுதான் இறங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்து, ஆகஸ்ட்தானே என்று எண்ணாமல் கம்பளித் தொப்பியும் கனத்த காலுறையும் கொண்டுபோங்கள்.

நீச்சல் தெரியாதது ஒரு தடையில்லை. லைஃப் ஜாக்கெட் அணியாமல் படகில் ஏறுவதுதான் தடை. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் வசத்தில் இருக்காது என்றும், அடுத்த பத்து நிமிடம் அளவுக்குத்தான் கை கால் சொன்னபடி கேட்கும் என்றும், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்றும் அங்கே பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அந்த முதல் நிமிடத்தில் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருப்பதற்காகவே லைஃப் ஜாக்கெட். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அது அதே அளவுக்குத் தேவை. கனடாவின் சட்டப்படி படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும், 15 மீட்டர் நீள மிதக்கும் கயிறும், ஊதலும் இருந்தாக வேண்டும். ஜாக்கெட் படகில் இருந்தால் போதும், அணிந்திருக்க வேண்டும் என்று சட்டம் பெரியவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. நீங்கள் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு பேருக்கு இரண்டு படகு வேண்டும். படகின் பின்முனையாகிய அமரத்தில் உட்காருபவர்தான் திசையைப் பிடிப்பவர். முன்முனையாகிய அணியத்தில் இருப்பவர் இழுவைக்குத்தான். எனவே ஒவ்வொரு படகின் அமரத்திலும் துடுப்புப் போட்டுப் பழகிய ஒருவர் இருக்க வேண்டும். ஒன்றில் உங்கள் மகன் என்றால், மற்றொன்றில் யார்? மருமகளுக்குப் பழக்கம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தைகள் நடுவில், படகின் தரையிலேயே உட்காரட்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: நான்கு நாள் பயணத்துக்கு ஐந்து நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது நாள் காற்றுக்கு. என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது இதே பூங்காவில் மூன்று இரவுகள் தங்கினோம். நான்காம் நாள் மாலைக்குள் டொராண்டோவுக்குத் திரும்பியாக வேண்டும், மறுநாள் வேலை. கூடாரத்தைப் பிரித்து, தேநீர் குடித்து, மூட்டை கட்டிக் கிளம்பும்போது பதினொன்றரை மணி ஆகிவிட்டது. அதற்குள் மேற்கிலிருந்து காற்று எழுந்து, ஏரியின் நடுவில் வெள்ளை நுரை தெரிந்தது. காத்திருக்க நாள் இல்லாததால், ஒன்றரைக் கிலோமீட்டர் திறந்த நீர்தானே, கடந்துவிடலாம் என்று இறங்கினோம். பாதித் தூரத்தில் அலை பக்கவாட்டில் அடித்து, விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த மகள், பால் கேனின் அடிப்பகுதியை வெட்டிச் செய்திருந்த முகவையால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே, "இன்னும் வருது, இன்னும் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அவளுடைய ரப்பர் காலணி தண்ணீரில் முழுதாக மூழ்கியிருந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. எப்படியோ ஒரு சிறு தீவின் மறைவில் ஒதுங்கி, நனைந்த உடையோடு ஆறரை மணி வரை உட்கார்ந்திருந்தோம். காற்று அடங்கியதும் ஏரி எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிட்டது. எஞ்சிய தூரத்தைக் கால் மணி நேரத்தில் கடந்தோம்.

காலையில் காற்று குறைவாக இருக்கும். நண்பகலுக்குப் பின் எழும். மாலையில் பெரும்பாலும் தணியும். ஆகவே ஏழு மணிக்குள் நீரில் இறங்கி, நண்பகலுக்குள் கரையேறிவிட வேண்டும். கரையை ஒட்டியே போக வேண்டும். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே மறுபடி இறங்க வேண்டும். இவற்றையெல்லாம் கடைப்பிடிக்க விடுவது அந்த ஐந்தாவது நாள்தான். காற்றே அடிக்கவில்லையென்றால், அந்த நாளைப் பேரப்பிள்ளைகள் கரையில் மீன் பிடித்துக் கழிக்கட்டும்.

கேள்வி: ஆறு மாதம் கழித்து நாங்கள் இப்படி ஒரு பயணம் போக இருக்கிறோம். அதற்குள் சென்னையிலேயே துடுப்புப் போடக் கற்றுக்கொள்ள வழி உண்டா? எனக்கும் என் இரண்டு பெண்களுக்கும்தான்.
– வேளச்சேரி வாசகி

பதில்: உண்டு, அம்மா. ஆனால் துடுப்புக்கு முன்னால் தண்ணீரோடு பழக வேண்டும். 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட நீச்சல் வளாகம் உங்கள் வேளச்சேரியிலேயே இருக்கிறது. அங்கேயோ வேறு எந்த நீச்சல் குளத்திலோ மூன்று பேரும் சேர்ந்துகொள்ளுங்கள். நூறு மீட்டர் நீந்த வேண்டும் என்பதில்லை. மல்லாந்து மிதக்கவும், முகம் நனைந்தால் பதறாமல் இருக்கவும் வந்துவிட்டால் போதும்.

அடுத்தது கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காட்டிலும் கோவளத்தை ஒட்டிய கழிமுகத்திலும், கயாக் எனப்படும் குறுகிய சிறு துடுப்புப் படகில் பயிற்சி தரும் சிறு பள்ளிகள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். வெயிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நண்பகலையொட்டிக் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியதும் உப்பங்கழி முழுவதும் சிற்றலை எழும்பி, புதிதாகக் கற்பவரின் படகை ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். ஒரு முறை வேண்டுமென்றே பத்தரை மணிக்கு மேலும் பயிற்சியாளரோடு தண்ணீரில் இருந்து பாருங்கள். மேலே நான் எழுதிய காற்று என்னவென்று தோளுக்குத் தெரிந்துவிடும். அங்கே அடியில் சிப்பி கிடக்கும்; காலைக் கிழித்துவிடும்; வெறுங்காலோடு இறங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவாரம் உடைந்து நீர் கடலுக்கு இழுக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

1867இல் தொடங்கப்பட்ட, அடையாற்றங்கரையில் உள்ள படகுச் சங்கத்தில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே பழகுவது நீண்ட துடுப்புகளைப் படகின் விளிம்பில் பொருத்தி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலிக்கும் முறை. உடம்புக்கு அருமையான பயிற்சி. ஆனால் கேனூவில் முன்னோக்கி உட்கார்ந்து, துடுப்பை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு போடுகிறோம். தசைகளும் வேறு, கணக்கும் வேறு.

கற்கும்போது ஒன்றை மட்டும் பிடிவாதமாகப் பழகுங்கள். ஒரு பக்கமாகவே துடுப்புப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பும். அதைத் திருத்த, இழுப்பு முடியும் தறுவாயில் மேல் கையின் கட்டைவிரல் கீழ்நோக்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, துடுப்பின் தட்டையான முனையாகிய இலையால் நீரை வெளிப்பக்கம் சற்றே தள்ள வேண்டும். முதல் வாரம் வராது. பிறகு ஒரு நாள், படகு கோடு போட்டதுபோல் நேராகப் போவதை உங்கள் பெண்தான் முதலில் கவனித்துச் சொல்வாள். இன்னொன்று, கேனூவில் அலை வந்தால் இருக்கையை விட்டு இறங்கி மண்டியிட வேண்டும்; எடை கீழே போனால் படகு நிலைக்கும். தரையில் உட்கார்ந்து எழுந்து பழகிய நமக்கு இது எளிது. இப்போதிருந்தே நாள்தோறும் பத்து நிமிடம் மண்டியிட்டு உட்கார்ந்து பழகுங்கள்.

கேள்வி: கயாக் நல்லதா, கேனூ நல்லதா?
– மடிப்பாக்கம் வாசகர்

பதில்: குடும்பத்தோடு தங்கும் பயணத்துக்குக் கேனூ. மேலே திறந்திருப்பதால் கூடாரம், பாத்திரம், குழந்தை எல்லாம் ஏறும். தோளில் தூக்கவும் முடியும். தனியாகவோ இருவராகவோ பகலில் போய்வருவதற்குக் கயாக் நல்லது. அதில் துடுப்புக்கு இரு முனையிலும் இலை இருப்பதால் புதியவருக்கு நேராகப் போவது எளிது.

கேள்வி: நாங்கள் சைவம். அல்கோன்குவின் காட்டுப் பகுதிக்குள் டப்பா உணவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நான்கு நாட்களுக்கு எதைச் சமைப்பது? நம் சமையல் வாசனைக்குக் கரடி வராதா?
– பெரம்பூர் வாசகி

பதில்: தகரமும் கண்ணாடியும் கூடாது என்ற விதி நம் சமையலுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை, உலர்ந்த பொருளில் சாப்பாடு கட்டுவது நம் வீடுகளில் பழகிய வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் உலர் பொருள் என்று கணக்கிட்டுக்கொண்டால் போதும். வறுத்த ரவை, கெட்டி அவல், சத்துமாவு, பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, நன்றாகச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், மணத்தக்காளி வற்றல், வறுத்த வேர்க்கடலை, வெல்லம். முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். துடுப்புப் போட்ட கையோடு கரையில் உட்கார்ந்து அதைச் சாப்பிடும்போது, அடுப்பு மூட்ட வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி.

முதல் பயணத்தில் நான் சாம்பார் வைக்க ஆசைப்பட்டேன். துவரம்பருப்பு வேகவே வேகாமல் ஒரு மணி நேரம் அடுப்பு எரிந்து, மூன்று நாளுக்கான எரிவாயுவில் பாதி தீர்ந்துவிட்டது. பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போக முடியாத இடத்தில் துவரை வேண்டாம். பாசிப்பருப்பை வாயகன்ற பிளாஸ்டிக் புட்டியில் காலையிலேயே ஊறப்போட்டுப் படகில் வைத்துவிட்டால், மாலையில் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். அரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்தே அடுப்பில் ஏற்றுங்கள். ஏரி நீரை வடிகட்டியோ, ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டோதான் குடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் வயிற்றைக் கலக்கும் கிருமி இருக்கலாம்.

இங்கிருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டிய தேவையும் இல்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழர் நடத்தும் கடைகளில் அவலும் வற்றலும் மிளகாய்ப் பொடியும் கிடைக்கும். இங்கிருந்து கொண்டுபோகும் உணவுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் சுங்கப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்றவே முடியாது. அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

கரடியைப் பற்றி. அங்கே இருப்பது கருங்கரடி. பெரும்பாலும் மனிதரைக் கண்டு விலகிப் போவது. அதை முகாமுக்கு இழுத்து வருவது உணவு மட்டுமல்ல, மணக்கும் எந்தப் பொருளும்தான். பற்பசை, சோப்பு, குழந்தையின் பவுடர், சட்டைப்பையில் மறந்துபோன கடலைமிட்டாய், தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், இவற்றுள் ஒன்றுகூடக் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. பெருங்காயத்தைச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும் இறுக்கமாக மூடும் நீலப் பீப்பாயிலோ பையிலோ போட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டராவது விலகித் தொங்கும்படி கயிற்றில் ஏற்றிக் கட்ட வேண்டும். இருட்டிய பின் கிளை தேடிக் கயிறு வீசுவது பெரும்பாடு. கூடாரம் அடிப்பதற்கு முன்னாலேயே, வெளிச்சத்தில் அந்த மரத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தோளில் சுமந்து போக வேண்டுமாமே! அதைச் சாதாரண மனிதர் செய்ய முடியுமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: முடியும். போர்ட்டேஜ் என்று சொல்லப்படும் இந்தச் சுமைவழி தொடங்கும் இடத்தில், கரையில் மஞ்சள் பலகை இருக்கும். எத்தனை மீட்டர் என்று அதிலேயே எழுதியிருக்கும். 16, 17 அடி நீளக் கேனூ, கெவ்லார் என்ற எடை குறைந்த செயற்கை இழையில் செய்ததாக இருந்தால் ஏறத்தாழ 20 கிலோ. அலுமினியம் என்றால் 30 கிலோவைத் தாண்டிவிடும். வாடகைக்கு எடுக்கும்போது கெவ்லாருக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். குடும்பத்தோடு போகிறவர் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

படகின் குறுக்கே நடுவில் ஒரு கட்டை இருக்கும். கழுத்துக்கு இடம்விட்டு, இரு தோளிலும் பதியும்படி செதுக்கியது. மாட்டு வண்டியின் நுகத்தைப் பார்த்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அதற்கு நுகம் என்றுதான் பெயர். படகைக் கவிழ்த்து அந்த நுகத்தில் தோள் கொடுத்தால், சுமை முதுகெலும்பு வழியாக நேரே காலுக்கு இறங்கிவிடும். சிரமம் தூக்கி வைப்பதில்தான். அப்போது ஒருவர் அணியத்தை உயர்த்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் உள்ளே நுழைந்து நிற்கலாம். படகு ஒரு நடை, மூட்டைகள் ஒரு நடை என்று இரண்டு முறை சுமந்தால், திரும்பி வெறுங்கையோடு வரும் நடையையும் சேர்த்து மூன்று மடங்கு தூரம் நடக்க வேண்டியிருக்கும். 300 மீட்டர் வழி 900 மீட்டராகிவிடும். முதல் பயணத்தில் 500 மீட்டருக்கு மேற்பட்ட சுமைவழி எதுவும் இல்லாத ஏரியாகத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு சிறு பை கொடுங்கள். வெறுங்கையோடு நடக்கும் குழந்தைக்குத்தான் கால் வலிக்கும்.

கேள்வி: பெண்களுக்குக் கழிவறை வசதி எப்படி? மாதவிலக்கு நாட்களில் போகலாமா? கேட்கத் தயங்கித்தான் எழுதுகிறேன்.
– கொட்டிவாக்கம் வாசகி

பதில்: தயங்க வேண்டியதே இல்லை, இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால்தான் பல பெண்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அல்கோன்குவினில் முகாம் இடங்களுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே, குழியின் மேல் மூடியோடு கூடிய மரப்பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். சுவரோ கூரையோ இருக்காது; ஆனால் முகாமிலிருந்து பார்வைக்கு மறைவாக இருக்கும். பெண்கள் இருவராகச் சேர்ந்து போவதும், வழியில் ஒரு சிவப்புத் துண்டைக் கிளையில் தொங்கவிட்டால் ஆள் இருக்கிறார் என்று பொருள் என வைத்துக்கொள்வதும் எங்கள் குடும்ப வழக்கம். மாதவிலக்கு நாட்களிலும் போகலாம். பயன்படுத்திய நாப்கினைக் குழியில் போடாமலும் எரிக்காமலும், இரண்டு உறைகளில் இறுக்கி, உணவுப் பீப்பாயோடு சேர்த்துத் தொங்கவிட்டு, திரும்பும்போது கொண்டுவந்துவிட வேண்டும். மாதவிலக்குக் குப்பி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சுமையும் இல்லை. குளிப்பதும் துணி துவைப்பதும் ஏரிக்குள் வேண்டாம். நீரை மொண்டு கரையிலிருந்து தள்ளிப் போய்ச் செய்யுங்கள். சோப்பின் உறையில் என்ன எழுதியிருந்தாலும் அது ஏரியில் கலக்கக் கூடாது.

கேள்வி: கனடாவுக்கெல்லாம் போக எங்களுக்கு வசதியில்லை. பிச்சாவரத்திலோ பழவேற்காட்டிலோ படகில் போய்க் கூடாரம் அடித்துத் தங்க முடியுமா?
– அம்பத்தூர் வாசகர்

பதில்: தங்க முடியாது, தங்கவும் கூடாது. ஆனால் படகில் போவதற்கு நமக்கு இடமில்லாமல் இல்லை.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரவியிருக்கும் அலையாத்திக் காடு. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே படகோட்டியோடு துடுப்புப் படகில் போகலாம். இயந்திரப் படகை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துடுப்புப் படகையே கேளுங்கள். சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகிய கால்வாய்களில் அதுதான் நுழையும், மீன்கொத்தியும் பறந்துவிடாமல் உட்கார்ந்திருக்கும். விடியலிலேயே துறையில் நிற்பதற்கு, முந்தைய இரவு சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள்.

பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகள் வந்திறங்கும் பறவைகள் சரணாலயம். உங்கள் அம்பத்தூரிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் அங்கே 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து, விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்களைச் சேர்ந்த 22 பேர் இறந்துபோனதை நாம் மறக்கக் கூடாது. யார் அழைத்தாலும், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், அனுமதி பெற்ற படகா என்று கேளுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். படகு நிரம்பியிருப்பதாக உங்கள் கண்ணுக்குத் தோன்றினால் இறங்கிவிடுங்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும்.

பல நாள் தங்கும் பயணத்தின் சுவை வேண்டுமென்றால், என் விருப்பம் கொல்லத்துக்கு அருகில் உள்ள மன்றோ தீவு. எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் மறுநாள் கொல்லத்தில் இறங்கலாம். அஷ்டமுடிக் காயலும் கல்லடை ஆறும் சேரும் அந்த இடத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் சிறு கால்வாய்களில் கழி ஊன்றித் தள்ளும் வள்ளத்தில் போகலாம். பாலங்கள் தாழ்வாக இருப்பதால் சில இடங்களில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்; குழந்தைகளுக்கு அதுவே விளையாட்டு. இரவில் ஊர்க்காரர் வீடுகளிலேயே அறை கிடைக்கும். கூடாரம் இல்லாத குறை ஒன்றுதான். காலையில் படகு, மதியம் சோறு, மாலையில் படகு என்று இரண்டு நாள் தங்கினாலே பிள்ளைகளுக்குத் தண்ணீர் பழகிவிடும். அங்கேயும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் படகோட்டி வர மாட்டார், அவர் வராதது நல்லதற்குத்தான்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. லைஃப் ஜாக்கெட் போட்டால் கழுத்து குத்துகிறது என்று கழற்றி எறிகிறான். கொஞ்சம் பெரிய அளவில் வாங்கினால் இரண்டு வருடத்துக்கு ஆகும் என்கிறார் என் மாமியார். வாங்கலாமா?
– பல்லாவரம் வாசகி

பதில்: பள்ளிச் சீருடை வாங்கும்போது உங்கள் மாமியார் சொல்வது சரி. லைஃப் ஜாக்கெட்டில் அது ஆபத்து. பெரிய அளவு ஜாக்கெட் தண்ணீரில் தான் மட்டும் மேலே மிதந்து வர, குழந்தை அதற்குள்ளிருந்து கீழே வழுகிவிடும். வயதைப் பார்த்து வாங்காமல், உள்ளே எழுதியிருக்கும் எடையைப் பார்த்து வாங்குங்கள். நான்கு வயதுக் குழந்தைக்குத் தலையைத் தாங்கும் பட்டையும், தொடைகளுக்கு நடுவே கொடுத்துப் பூட்டும் வாரும், தூக்குவதற்குப் பின்கழுத்தில் ஒரு பிடியும் இருக்க வேண்டும்.

கழற்றி எறிவதற்கு என் மகளிடம் பலித்த வழி: பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் அணிவித்துவிடுவது. அதைப் போட்டுக்கொண்டே தொலைக்காட்சி பார்த்தாள், தோசை சாப்பிட்டாள். பெரியவர்களும் அவனுக்கு முன்னால் அணிந்துகொள்ள வேண்டும். தாத்தா அணியாத ஒன்றை அவன் அணிய மாட்டான். கடையில் வாங்குவதற்கு முன், எல்லா வார்களையும் இறுக்கிப் பூட்டிவிட்டு, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து அவனை மேலே தூக்கிப் பாருங்கள். அவன் முகவாயும் காதும் ஜாக்கெட்டுக்குள் போனால், அதைவிடச் சிறிய அளவை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.